சொல்லிவிட்டுப் போகட்டும்!

– மூன்றாமாண்டு சிவில் மாணவன், செஞ்சி



"மலருக்கு டெக்னிக்கலா ஒரு கட்டுரை கொடுப்பா" என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது, புதிதாக வந்திருக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார். வருகிறதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, போகிறதைப் பற்றி.

கம்ப்யூட்டர் லேபில் அடிக்கடி காதில் விழுகிற வசனம் ஒன்று உண்டு. "நேத்து வரைக்கும் ஓடுச்சு சார், இன்னிக்கு ஓட மாட்டேங்குது!" உடனே வைரஸ் மேல் பழியைப் போடுவோம். பல சமயம் காரணம் வைரஸ் அல்ல. நாம் நம்பியிருந்த ஒரு வசதியை, அந்த மென்பொருளை எழுதியவர்களே எடுத்திருப்பார்கள். புதுப் பதிப்பை ஏற்றியதும் பழைய வசதி காணாமல் போயிருக்கும். அதை நம்பி எழுதிய நம் புரோகிராமும் படுத்துவிடும்.

கணக்கு, வரைபடம், வானிலை, கட்டடப் பகுப்பாய்வு போன்ற அறிவியல் வேலைகளுக்கான மென்பொருள்களில் இது எப்படி நடக்கிறது, ஏன் நடக்கிறது, நடக்கும்போது யார் யாருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. சிவில்காரன் எதற்கு இதையெல்லாம் எழுதுகிறான் என்று கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கஷ்டப்படுகிறது முக்கால்வாசி நாங்கள்தான்!

செல்லும் காசு, செல்லாத காசு

முதலில் கம்ப்யூட்டரை ஓரமாக வைத்துவிட்டு நம் சட்டைப் பையைப் பார்ப்போம்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியா தசமக் காசுக்கு மாறியது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. ஆனால் அன்று காலையே யாருடைய கையிலிருந்த அணாவும் செல்லாமல் போய்விடவில்லை. சில ஆண்டுகள் இரண்டும் சேர்ந்தே புழங்கின. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்று மாற்றுக் கணக்குப் பார்த்து ஜனங்கள் பழகினார்கள். பழகி முடிந்ததும், 1964-இல் 'நயா' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். வெறும் பைசா ஆயிற்று.

2011-இல் 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் விடைபெற்றன. ஜூன் 30 முதல் செல்லாது என்று ரிசர்வ் வங்கி முன்கூட்டியே அறிவித்தது. முந்தின நாள் வரை வங்கிக் கிளைகளில் கொடுத்து மாற்றிக்கொள்ள வழியும் வைத்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் நமக்குத் தெரியும். பத்து ரூபாய் நாணயம்! அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்லியும், தமிழ்நாட்டில் எத்தனையோ கடைகளில் "இது வேணாம்ப்பா, நோட்டு கொடு" என்றார்கள். செல்லாத காசைச் செல்லாது என்று சொல்வது எவ்வளவு முக்கியமோ, செல்லுகிற காசைச் செல்லும் என்று நம்பும்படி சொல்வதும் அவ்வளவு முக்கியம்.

மென்பொருளிலும் 'செல்லும்', 'செல்லாது' என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டம் இருக்கிறது. அதை 'டெப்ரிகேட்' செய்வது என்பார்கள். "இப்போதைக்கு வேலை செய்யும், ஆனால் போகப்போகிறது, இப்போதே வேறு ஏற்பாடு செய்துகொள்" என்று அர்த்தம். நான் இதை 'விடைபெறும் நிலை' என்று சொல்லப்போகிறேன். அணாவும் நயா பைசாவும் சேர்ந்து புழங்கிய ஆண்டுகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே?

"யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு மூலையில் கிடக்கிற வசதியை ஏன் எடுக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மென்பொருளில் எதுவும் சும்மா கிடப்பதில்லை. ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அந்த வசதி ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டும். யாராவது பிழை சொன்னால் பதில் சொல்ல வேண்டும். கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் வேண்டும். புதிதாகக் கற்க வருகிற பையன் அதையும் படித்துக் குழம்ப வேண்டும். அறிவியல் மென்பொருள்களில் பலவற்றைக் கவனித்துக்கொள்பவர்கள் தன்னார்வலர்கள். நாலு பேர் செய்கிற வேலையில், யாரும் தொடாத ஒரு மூலைக்காக ஒருவர் உட்கார்ந்திருக்க முடியுமா?

ஓர் உண்மைக் கதை சொல்கிறேன். பைத்தானில் எண்களை வரிசை வரிசையாக வைத்துக் கணக்குப் போட 'நம்பை' என்று ஒரு நூலகம் இருக்கிறது. 2006-இல் டிராவிஸ் ஓலிஃபன்ட் என்பவர் முன்னின்று கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்க அறிவியல் கணக்குகளுக்கு அதுதான் அஸ்திவாரம். 2019-இல் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்டார்களே, அந்தக் கணக்குகளிலும் நம்பைக்குப் பங்கு உண்டு.

இந்த நம்பைக்குள் 2008-இல் 10 நிதிக் கணக்கு வசதிகள் சேர்க்கப்பட்டன. கடனுக்கு மாதத் தவணை எவ்வளவு, போட்ட முதலுக்கு வருமானம் எத்தனை சதவீதம் என்கிற மாதிரியான கணக்குகள். அறிவியல் கணக்கு நூலகத்தில் வட்டிக்கடைக் கணக்கு எதற்கு என்ற கேள்வி அடுத்த ஆண்டே எழுந்தது. அந்தப் பத்தும் உண்மையான தேதிகளை வைத்துக் கணக்குப் போடத் தெரியாதவை. ஆகவே நிதித்துறைக்காரர்களுக்கும் முழுசாகப் பிரயோஜனமில்லை, விஞ்ஞானிகளுக்கும் தேவையில்லை. பிழை சொன்னால் திருத்துவதற்கு ஆர்வமுள்ளவரும் அங்கே குறைவு.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று கவனியுங்கள். 2019-இல் 'முன்மொழிவு எண் 32' என்று காரணங்களை எழுதிப் பொதுவில் வைத்தார்கள். வெளியே கிடைக்கிற புரோகிராம்களில் இந்தப் பத்தையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று தேடிப் பார்த்தார்கள். பத்தையும் அப்படியே தூக்கி, 'நம்பை ஃபைனான்ஷியல்' என்று தனி நூலகமாக வைத்தார்கள். 2019 டிசம்பரில் வந்த 1.18 பதிப்பில் அவற்றை விடைபெறும் நிலையில் வைத்து எச்சரிக்கை கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் வந்த 1.20 பதிப்பில் எடுத்தார்கள்.

எடுத்த பிறகும் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், "இது 1.20-இல் நீக்கப்பட்டது, இதே வசதி இப்போது இந்த நூலகத்தில் கிடைக்கும்" என்று முகவரியோடு பதில் வந்தது. கடை மாறிப் போகிறவர்கள் பழைய கடைச் ஷட்டரில் புது விலாசம் எழுதிவிட்டுப் போவார்களே, அதே மாதிரி!

ஐந்து காரியங்கள்

இந்த ஒரு கதையிலேயே எல்லாம் இருக்கிறது. ஒரு வசதியை எடுக்கிறவர் செய்ய வேண்டியவை ஐந்து.

1. யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடிப் பார்ப்பது.
2. ஏன் எடுக்கிறோம் என்று காரணம் சொல்வது.
3. எடுப்பதற்கு முன்பே மாற்று வழியைத் தயாராக வைப்பது.
4. போதுமான நாள் கொடுப்பது. நம்பையின் விதிப்படி குறைந்தது இரண்டு பதிப்புகள், அதாவது ஓராண்டாவது எச்சரிக்கை ஓட வேண்டும்.
5. எடுத்த பிறகும், தெரியாமல் வருகிறவருக்கு வழி சொல்வது.

எங்கே சொல்வது என்பது இன்னொரு விஷயம். நம் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும். சுமார் 800 அடி மூச்சு வாங்க ஏறி உச்சியை நெருங்கும்போது ஒரு பெரிய பிளவு குறுக்கே வரும். பாலத்தைத் தாண்டினால்தான் மேலே போக முடியும். ஒருநாள் அந்தப் பாலத்தை மூடுவதாக இருந்தால், அறிவிப்புப் பலகையை எங்கே வைப்பீர்கள்? பாலத்தின் பக்கத்திலா? அடிவாரத்தில் டிக்கெட் கவுன்ட்டர் பக்கத்தில்தானே! மென்பொருளிலும் அப்படித்தான். பதிப்புக் குறிப்பின் நாற்பதாவது பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு "நாங்க அப்பவே சொன்னோமே" என்பது, பாலத்தின் முனையில் பலகை வைப்பது மாதிரி. அந்த வசதியைக் கூப்பிடுகிற வரியிலேயே, கூப்பிடுகிற நேரத்திலேயே எச்சரிக்கை வர வேண்டும்.

எச்சரிக்கை வந்தது, யார் பார்த்தார்கள்?

இனி என் சொந்த அனுபவம். சர்வே கணக்குகளுக்காகச் சீனியர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு லெவலிங் புரோகிராம் எங்கள் கையில் இருந்தது. பேக் சைட், ஃபோர் சைட் அளவுகளைக் கொடுத்தால் ஆர்.எல். எல்லாம் போட்டு, படமும் வரைந்துவிடும். ஒருநாள் மெஷினை ஃபார்மேட் பண்ணி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள். அவ்வளவுதான், புரோகிராம் படுத்துவிட்டது. ரெகார்டு சப்மிட் பண்ண இரண்டு நாள்தான் பாக்கி.

காரணம் ஒரே ஒரு சொல். தசம எண்ணைக் குறிக்க அதில் 'என்பி.ஃப்ளோட்' என்று எழுதியிருந்தார்கள். அது நம்பையின் சொந்தச் சரக்கு அல்ல. பைத்தானின் சாதாரண 'ஃப்ளோட்'டுக்கே இன்னொரு பெயர். நம்பையின் உண்மையான எண் வகை என்று பலர் தவறாக நினைத்ததால், குழப்பம் வேண்டாம் என்று 2021 ஜனவரியில் விடைபெறும் நிலையில் வைத்து, 2022 டிசம்பரில் வந்த 1.24 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நண்பர்கள் சேர்ந்து திரையில் வந்த பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தோம். நோயும் மருந்தும் அதிலேயே இருந்தன: "இது வெறும் இன்னொரு பெயர்தான், 'ஃப்ளோட்' என்று மட்டும் எழுது" என்று. எழுதினோம், ஓடியது!

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் உலகம் முழுக்க அந்த எச்சரிக்கை ஒலித்துக்கொண்டு இருந்திருக்கிறது. எங்கள் மெஷினில் இருந்தது அதற்கும் முந்தின பழைய பதிப்பு. அதில் எச்சரிக்கையே கிடையாது. அணாவே புழங்கிக்கொண்டிருந்த ஊரில் திடீரென்று ஒருநாள் பைசா மட்டும் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்? அடிக்கடி புதுப்பிக்கிறவனுக்கு நடுக்கட்டம் தெரியும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஃபார்மேட் பண்ணுகிறவனுக்கு நடுக்கட்டமே கிடையாது; நேராகப் பள்ளம்தான்.

எச்சரிக்கையே கண்ணில் படாமல் போவதும் உண்டு. 2010-இல் வந்த பைத்தான் 2.7, இந்த வகை எச்சரிக்கைகளைச் சாதாரணமாகக் காட்ட வேண்டாம் என்று மறைத்துவிட்டது. புரோகிராமைப் பயன்படுத்துகிற பொதுஜனம் பயந்துபோகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் எழுதுகிறவர்களுக்கும் சேர்த்து மறைந்துபோனது. 2018-இல் வந்த 3.7 பதிப்பில்தான், நாம் நேரடியாக இயக்குகிற புரோகிராமில் மட்டும் திரும்பக் காட்ட ஆரம்பித்தார்கள். பலகை வைத்தால் மட்டும் போதாது, அதன் மேல் துணி போட்டு மூடாமலும் இருக்க வேண்டும்.

செஞ்சியிலிருந்து வடதுருவத்துக்கு!

இதுவரை சொன்னது ஓடாமல் நின்றுபோகிற புரோகிராம். அது நல்லது! நின்றுவிட்டால் நமக்குத் தெரிந்துவிடும். நிற்காமல் ஓடி, தப்பான விடையைக் கொடுப்பதுதான் ஆபத்து. சிவில் நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபட மீட்டர்களாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் 'ப்ராஜ்'. அமெரிக்க நில ஆய்வுத் துறையில் ஜெரால்டு எவெண்டன் 1980-களில் எழுத ஆரம்பித்தது. நாம் பயன்படுத்துகிற கியூஜிஸ் உள்பட எத்தனையோ மென்பொருள்களுக்குள் இதுதான் ஓடுகிறது. பழைய ப்ராஜில் எண்களைத் தீர்க்கம் முதலில், அட்சம் பிறகு என்று கொடுப்பது பழக்கம். 2019-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து, ஒவ்வொரு ஆயமுறைக்கும் அதிகாரபூர்வமாக எந்த வரிசை சொல்லியிருக்கிறதோ அந்த வரிசையை மதிக்க ஆரம்பித்தார்கள். ஜி.பி.எஸ். பயன்படுத்தும் ஆயமுறைக்கு அது அட்சம் முதலில். 'இனிட்' என்ற சொல்லை முன்னால் போட்டு எழுதுகிற பழைய முறையை விடைபெறும் நிலையில் வைத்தார்கள். அப்படி எழுதினால் பழைய வரிசையே கிடைக்கும், கூடவே எச்சரிக்கையும் வரும்.

இப்போது ஒரு பையன் என்ன செய்வான்? எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறதே என்று அந்தச் சொல்லை மட்டும் அழித்துவிடுவான். எச்சரிக்கை போய்விடும். வரிசையும் மாறிவிடும்! செஞ்சி இருப்பது அட்சம் 12.25 வடக்கு, தீர்க்கம் 79.42 கிழக்கு. பழைய பழக்கத்தில் 79.42, 12.25 என்று கொடுத்தால், மென்பொருள் அட்சம் 79.42 வடக்கு, தீர்க்கம் 12.25 கிழக்கு என்று எடுத்துக்கொள்ளும். அது எங்கே தெரியுமா? வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுக் கூட்டத்தில்! நம் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆர்க்டிக் ஆய்வு நிலையம் 2008-இல் தொடங்கப்பட்டதே, அதிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் வடக்கே. ராஜகிரி பனிக்கரடி ஊருக்குப் போய்விடும்!

சிரிக்க வேண்டாம். ஜப்பானியருக்கு இந்தத் தொல்லை இல்லை. டோக்கியோவின் தீர்க்கம் 139-க்கு மேல். அட்சம் 90-ஐத் தாண்ட முடியாது என்பதால் தப்பு உடனே பிடிபடும். தமிழ்நாட்டின் தீர்க்கம் முழுவதும் 76-க்கும் 81-க்கும் இடையில். மாற்றிப் போட்டாலும் ஒழுங்கான அட்சம் மாதிரியே இருக்கும். மென்பொருளுக்குச் சந்தேகமே வராது. ஆகவே நாம்தான் சந்தேகப்பட வேண்டும். எச்சரிக்கையை அழிப்பது வேறு, எச்சரிக்கை சொல்கிறதைச் செய்வது வேறு.

இதே ப்ராஜ் குழுவினர் வேறொரு விஷயத்தில் செய்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய நிரல் இணைப்பு ஒன்றை எடுப்பதற்கு முன், 6-ஆம் பதிப்பில் ஒரு நிபந்தனை போட்டார்கள். பழையதைத்தான் பயன்படுத்துவேன் என்றால், "விடைபெறப்போகிறது என்று தெரிந்தே பயன்படுத்துகிறேன்" என்ற பொருளில் ஒரு வரியைப் புரோகிராமர் தன் கையாலேயே எழுத வேண்டும். ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவது மாதிரி! 2021-இல் 8-ஆம் பதிப்பில் எடுத்தபோது, "எனக்குத் தெரியாதே" என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மனிதரும் ஓய்வு பெறுவார்

சில சமயம் வசதிக்கு வயதாகவில்லை, அதைக் காப்பாற்றி வந்தவருக்கு வயதாகிவிடும். புள்ளியியலுக்கான 'ஆர்' மொழியில் வரைபட வேலைகளுக்கு மூன்று பெட்டிகள் இருந்தன: ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ். மூன்றையும் பல ஆண்டுகள் கவனித்துவந்தவர் நார்வே பேராசிரியர் ரோஜர் பிவண்ட். அவர் பணி ஓய்வு பெறும் வயது வந்தது. நூற்றுக்கணக்கான வேறு பெட்டிகள் இந்த மூன்றின் மேல் நின்றுகொண்டிருந்தன. திடீரென்று கையை எடுத்தால் எல்லாம் சரிந்துவிடும்.

அவரும் கூட்டாளிகளும் ஓராண்டுக்கு மேல் முன்கூட்டியே அறிவித்தார்கள். யாருடைய பெட்டி எதன் மேல் நிற்கிறது என்று பார்த்து, அவர்களுக்குத் தெரிவித்தார்கள். பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் "2023-இல் ஓய்வு" என்று செய்தி வரும்படி செய்தார்கள். எஸ்எஃப், டெர்ரா என்ற புதிய பெட்டிகளுக்கு மாறச் சொன்னார்கள். 2023 அக்டோபரில் மூன்றும் பொதுக் கிடங்கிலிருந்து எடுக்கப்பட்டன. சார்ஜ் ஒப்படைத்துவிட்டுப் போகிற நேர்மையான அதிகாரி மாதிரி!

எடுக்காமலே இருக்கிறவர்கள்

இன்னொரு கோடியில் ஃபோர்ட்ரான் இருக்கிறது. நயா பைசா வந்த அதே 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மொழி. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்த காலத்திலிருந்து, இந்தியாவில் எத்தனையோ பொறியாளர்கள் கணினியைக் கற்றது இதில்தான். இன்றும் வானிலைக் கணிப்புப் புரோகிராம்கள் பல இதில் ஓடுகின்றன.

ஃபோர்ட்ரான்காரர்கள் அவசரப்படவே மாட்டார்கள். ஒரு எண் குறையா, பூஜ்யமா, கூடுதலா என்று பார்த்து மூன்று திசையில் பிரிகிற பழைய 'இஃப்' ஒன்று உண்டு. அதை 'வழக்கொழிந்து வருகிறது' என்று ஃபோர்ட்ரான் 90-இல் பட்டியலிட்டார்கள். நியமத்திலிருந்து எடுத்தது ஃபோர்ட்ரான் 2018-இல்! எடுத்த பிறகும் ஜிஃபோர்ட்ரான் போன்ற கம்பைலர்கள் "இது நீக்கப்பட்ட வசதி" என்று ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டு அதையும் ஓட்டித்தான் தருகின்றன. ஐம்பது வருஷத்துக்கு முன் எழுதி, பல தடவை சரிபார்த்த கணக்கைத் தொட்டால் எங்கே என்ன உடையுமோ என்ற பயம்தான் காரணம்.

எது சரி? வேகமாக மாறுகிற நம்பையா, மெதுவாக நகர்கிற ஃபோர்ட்ரானா? என்னைக் கேட்டால், இரண்டும் சரி. இரண்டிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. இரண்டு பேருமே சொல்லிவிட்டுச் செய்கிறார்கள்.

நம்மை யார் எண்ணினார்கள்?

இங்கேதான் என் மனசில் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

'பயன்படாத வசதி' என்று தீர்மானிக்கிறார்களே, எதை வைத்து? பெரும்பாலும், இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற புரோகிராம்களில் தேடிப் பார்த்து. எங்கள் லெவலிங் புரோகிராம் இருந்தது ஒரு லேப் மெஷினின் டி டிரைவில். அது எந்தத் தேடலிலும் வராது. பென் டிரைவில் கைமாறுகிற புரோகிராம், சின்ன அலுவலகத்தில் ஒரே ஆள் எழுதிவைத்த கணக்கு, பாலிடெக்னிக் ரெகார்டு நோட்டில் இருக்கிற நிரல் எதுவும் அந்த எண்ணிக்கையில் கிடையாது. அவர்கள் பார்வையில் நாம் இல்லவே இல்லை.

நம் ஊர் நிலக் கணக்கையே பாருங்கள். 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக் அளவு வந்தது. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். ஆனால் திண்டிவனம் ரோட்டில் மனை விசாரித்தால் எவராவது ஏரில் விலை சொல்கிறாரா? "சென்ட் என்ன விலைங்க?" என்பதுதான் பேச்சு. பட்டாவை மட்டும் பார்க்கிறவருக்குச் சென்ட் ஒரு பயன்படாத அளவு. ஜனங்களிடம் வந்து கேட்டால்தான் உண்மை தெரியும்.

ஆகவே எடுக்கிறவர்கள் மேல் மட்டும் பொறுப்பைப் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. நம்பை, ப்ராஜ் போன்றவை பொதுச் சொத்து. ஒரு வசதியை எடுக்கலாமா என்று அவர்கள் பொதுவில் கேட்கும்போது, "நாங்கள் பயன்படுத்துகிறோம்" என்று எழுத நமக்கும் உரிமை உண்டு. டிப்ளமோ படிக்கிறவன் எழுதினால் படிக்க மாட்டார்கள் என்று எங்கேயும் சட்டம் இல்லை. நம் புரோகிராம்களைப் பொதுவில் வைத்தால், அடுத்த தடவை எண்ணும்போது நாமும் கணக்கில் வருவோம்.

நாம் செய்யக்கூடியவை

கையோடு செய்யக்கூடிய சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ரெகார்டிலும் பிராஜக்ட் ரிப்போர்ட்டிலும், எந்த மென்பொருளின் எத்தனையாவது பதிப்பில் ஓட்டினோம் என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த ஸ்டாஃப், எந்த ஆட்டோ லெவல் என்று எழுதுகிறோமே, அதே மாதிரி.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது புரோகிராமை எச்சரிக்கைகளோடு ஓட்டிப் பாருங்கள். பைத்தானைக் கூப்பிடும்போது ஒரு சிறு கோடும் பெரிய டபிள்யூவும் போட்டு, அடுத்து 'டீஃபால்ட்' என்று எழுதினால் மறைந்திருக்கும் எச்சரிக்கைகள் எல்லாம் வெளியே வரும்.

புதுப் பதிப்பு ஏற்றியதும் முதலில் விடை தெரிந்த கணக்கைப் போடுங்கள். லெவலிங்கில் நமக்கு நல்ல சோதனை இருக்கவே இருக்கிறது: பேக் சைட் கூட்டுத்தொகையிலிருந்து ஃபோர் சைட் கூட்டுத்தொகையைக் கழித்தால், கடைசி ஆர்.எல்.லுக்கும் முதல் ஆர்.எல்.லுக்கும் உள்ள வித்தியாசம் வர வேண்டும். வரைபட வேலை என்றால் செஞ்சியின் அட்ச தீர்க்கத்தைக் கொடுத்து, புள்ளி செஞ்சியில் விழுகிறதா என்று பாருங்கள். பனிக்கரடி தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்!

கடைசியாக, இது ரொம்ப முக்கியம். நாமும் நாளைக்கு எடுக்கிறவர்களாக ஆவோம். ஒரு சின்ன கம்பெனியில் எக்செல் ஷீட்டில் ஒரு காலத்தை அழிப்போம். டிராயிங்கில் பழைய லேயரை எடுப்போம். "யாரும் பார்க்கிறதில்ல, தூக்கிடு" என்று மனசு சொல்லும். அப்போது ஒரு நிமிஷம் நின்று, பக்கத்து டேபிளில் கேளுங்கள். என்ன எடுக்கிறோம், ஏன், பதிலாக எது, எந்தத் தேதி முதல் என்று நாலு வரி எழுதி ஒட்டுங்கள். அந்த ஷீட்டை நம்பி எங்கோ ஒரு சைட்டில் ஒருவர் கம்பிக் கணக்கு எடுத்துக்கொண்டிருக்கலாம்.

லெவலிங் புரோகிராமை இப்போது நாங்கள் திருத்தி வைத்திருக்கிறோம். எந்தப் பதிப்பில் ஓடும், எதை மாற்றினோம், எந்தச் சோதனைக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி, பிரின்ட் எடுத்து, சர்வே லேப் அலமாரியின் உள்கதவில் ஒட்டியிருக்கிறோம். இரண்டாமாண்டு தம்பி, தங்கைகள் அடுத்த முறை மெஷினை ஃபார்மேட் பண்ணுவதற்கு முன் அதை ஒரு தடவை படித்துவிடுங்கள். மாற்றம் ஏதாவது செய்தால், கீழே காலியாக விட்டிருக்கும் இடத்தில் தேதி போட்டு எழுதுங்கள். உங்களுக்கு அடுத்து வருகிறவர்கள் படிக்கத்தான் அந்த இடத்தை விட்டிருக்கிறோம்.